மாதாந்த வானியல் நிகழ்ச்சி மாதாந்தமாகவே தொடர வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பிபிசி தொலைக்காட்சியின் ‘தி ஸ்கை அட் நைட்’ வானியல் நிகழ்ச்சி 1957 ஏப்ரல் 24 அன்று முதன்முதலாக ஒளிபரப்பானது. 2027 ஏப்ரலில் அதற்கு எழுபது ஆண்டுகள் நிறைகின்றன. அதே ஆண்டு டிசம்பர் 31 உடன் பிபிசி இயங்குவதற்கு ஆதாரமான இப்போதைய அரச சாசனமும் முடிவடைகிறது. அதன் பின்னர் அந்த நிறுவனம் எந்த வருமானத்தில், எத்தனை அலைவரிசைகளோடு இயங்கும் என்ற விவாதத்தில் விளையாட்டு உரிமைகளுக்காகவும் நாடகத் தொடர்களுக்காகவும் குரல் கொடுக்கப் பலர் இருக்கிறார்கள். மாதத்தில் ஒரு முறை, இரவில், அரை மணி நேரம் மட்டும் வந்துபோகும் ஒரு நிகழ்ச்சிக்காகப் பேசுவதற்கு ஆட்கள் குறைவு. பிரித்தானியாவில் வாழும் தமிழ்க் குடும்பங்களும் தொலைக்காட்சி உரிமக் கட்டணம் செலுத்துகின்றன. அந்தப் பணத்தில் எது நிலைக்க வேண்டும் என்று சொல்லும் உரிமை நமக்கும் உண்டு. ஆகவே ஓர் ஆங்கில நிகழ்ச்சியைப் பற்றித் தமிழ்ப் பத்திரிகைக்கு எழுதுவதைத் தாங்கள் பொருத்தமற்றதாகக் கருதமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

இந்த நிகழ்ச்சி எந்த அலைவரிசையில் வந்தாலும், எவர் தொகுத்து வழங்கினாலும், அது மாதந்தோறும் வர வேண்டும் என்பதே என் முதற் கோரிக்கை. கிரகணத்துக்கு ஒன்று, விண்கலம் இறங்கும் நாளுக்கு ஒன்று என்று ஆண்டில் இரண்டு மூன்று சிறப்பு நிகழ்ச்சிகளாக அதைச் சுருக்கிவிடலாம் என்ற எண்ணம், செலவைக் குறைக்க வேண்டிய எந்த நிர்வாகிக்கும் எளிதில் தோன்றக்கூடியது. அப்படிச் செய்தால் பெயர் மட்டும் மிஞ்சும், நிகழ்ச்சி இருக்காது.

தொடக்கத்தை நினைத்துப் பார்ப்போம். 1957 ஏப்ரலில் அரெண்ட்–ரோலண்ட் என்ற வால்வெள்ளி வடவானில் வெறுங்கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருந்தது. பட்ரிக் மூர் என்ற முப்பத்துநான்கு வயது இளைஞர் ஒளிப்படக் கருவியின் முன் அமர்ந்து அந்த வால்வெள்ளியைப் பற்றிப் பேசினார். மனிதர் செய்த எந்தப் பொருளும் அப்போது பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கவில்லை. ஸ்புட்னிக் ஏவப்பட்டது அதற்கு ஐந்து மாதங்களின் பின்னர், அக்டோபர் 4 அன்றுதான். இரண்டு ஆண்டுகள் கழித்து சோவியத்தின் லூனா 3 நிலவின் மறுபக்கத்தை முதன்முதலாகப் படமெடுத்து அனுப்பியபோது, அந்தத் தெளிவற்ற படங்களைப் பிரித்தானிய மக்களுக்குக் காட்டி விளக்கியதும் இதே நிகழ்ச்சி. 1970இல் நீல் ஆம்ஸ்ட்ரோங் இந்த நிகழ்ச்சிக்காக மூரின் எதிரே அமர்ந்து, நிலவில் நின்றபோது வானம் எப்படித் தெரிந்தது என்ற கேள்விக்குப் பதில் சொன்னார். அந்தப் பேட்டியை இன்றும் இணையத்தில் பார்க்கலாம். கேட்பவருக்கு நிலவின் நிலப்பரப்பு ஏற்கெனவே கைவந்திருந்தது. ஆகவே அவர் புகழாரங்களில் நேரத்தை வீணாக்கவில்லை. அங்கே போய் வந்தவரால் மட்டுமே சொல்லக்கூடியவற்றையே கேட்டார்.

மூர் பல்கலைக்கழகத்தில் வானியல் படித்தவர் அல்லர். 1934இல், பதினொரு வயதில், பிரித்தானிய வானியல் சங்கத்தில் சேர்ந்து, தொலைநோக்கியில் கண்ணை வைத்து, நிலவின் விளிம்புப் பகுதிகளைப் பென்சிலால் வரைந்து வரைந்து அறிவு பெற்றவர். அந்தப் பகுதிகள் நிலவின் மெல்லிய அசைவினால் சில நாட்களில் மட்டுமே நம் பக்கம் திரும்பும்; அவற்றை வரைபவருக்குப் பொறுமை வேண்டும், அடுத்த மாதமும் அதே இடத்தைப் பார்க்கும் பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கத்தையே அவர் நிகழ்ச்சிக்கும் கொண்டுவந்தார் என்று நினைக்கிறேன். 2012 டிசம்பர் 9 அன்று தமது 89ஆவது வயதில் காலமாகும் வரை, ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அவர் ஒரே ஒரு நிகழ்ச்சியைத்தான் தவறவிட்டார். 2004 ஜூலையில், உணவு நஞ்சாகி அவர் மருத்துவமனையில் இருந்த மாதம் அது. முதுமையில் நடமாட்டம் குறைந்தபோது படப்பிடிப்புக் குழு செல்சி கடற்கரையூரில் இருந்த அவரது வீட்டுக்கே வந்தது. பார்வையாளர்கள் எழுதிய கடிதங்களுக்கு, சிறுவர்களின் கடிதங்கள் உட்பட, 1908இல் செய்யப்பட்ட ஒரு வுட்ஸ்டொக் தட்டச்சுப் பொறியில் தாமே பதில் அடித்து அனுப்பினார். இந்நாட்டின் தொழில்முறை வானியலாளர்களில் எத்தனையோ பேர் தங்கள் தொடக்கத்தை அவரிடமே கண்டதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அவர் மறைந்தபின் நடந்ததை நினைவில் வைத்திருப்பது அவசியம். 2013 இலையுதிர் காலத்தில், நிகழ்ச்சியின் எதிர்காலம் பரிசீலனையில் இருப்பதாக பிபிசி தெரிவித்தது. உடனே மனு ஒன்று தொடங்கப்பட்டுப் பல்லாயிரம் பேர் அதில் ஒப்பமிட்டார்கள். 2014 முதல் நிகழ்ச்சி தொடரும், ஆனால் பிபிசி வன்னிலிருந்து நீங்கி பிபிசி ஃபோருக்குப் போகும் என்று முடிவானது. இந்த முடிவைப் பலர் வெற்றியாகக் கொண்டாடினார்கள். நிகழ்ச்சி பிழைத்தது என்பதில் எனக்கும் நிறைவு உண்டு. ஆயினும் பிபிசி வன்னில் அது இருந்தபோது, தூக்கம் வராமல் தொலைக்காட்சியை அணைக்காமல் விட்டிருந்த ஒருவர், இரவுச் செய்திக்கோ திரைப்படத்துக்கோ பின்னர் எதிர்பாராமல் சனிக்கோளின் வளையங்களைக் கண்டுவிட முடிந்தது. பிபிசி ஃபோருக்கு வருபவர் பெரும்பாலும் அதைத் தேடி வருபவர். ஏற்கெனவே ஆர்வம் உள்ளவருக்கு நல்ல இடம் கிடைத்தது. ஆர்வம் இன்னும் பிறக்காதவருக்கு வாசல் குறுகியது.

அந்த பிபிசி ஃபோரும் இப்போது நிலையான இடமல்ல. 2021இல் அது புதிய நிகழ்ச்சிகளைத் தயாரிப்பதைப் பெருமளவு விட்டு, பழைய தொகுப்புகளின் அலைவரிசையாக மாறும் என்று அறிவிக்கப்பட்டது. 2022 மே மாதத்தில், வரும் ஆண்டுகளில் அதை வழமையான ஒளிபரப்பு அலைவரிசையாக வைத்திருக்கப் போவதில்லை என்றும் பிபிசி தலைமை சொன்னது. பழைய நிகழ்ச்சிகளின் நடுவே மாதந்தோறும் புதிதாக வரும் ஒன்றாக ‘தி ஸ்கை அட் நைட்’ நிற்கிறது. அலைவரிசையே இல்லாமற்போகும் நாளில், பிபிசியின் இணையவழிச் சேவையான ஐபிளேயரில் எங்கோ ஓர் அடுக்கில் அது இருக்கும் என்ற பதில் தரப்படலாம். ஐபிளேயரை நான் குறை சொல்லவில்லை. தவறவிட்டதைப் பார்க்க அது பெரும் வசதி. ஆனால் அங்கே முகப்பில் எது வரும் என்பதைத் தீர்மானிப்பது நாம் முன்பு பார்த்தவையும் அதிகமானோர் பார்ப்பவையும்தான். மாதத்துக்கு ஒரு முறை வரும் அரை மணி நேர அறிவியல் நிகழ்ச்சி அந்தப் போட்டியில் தானாக மேலே வராது. ஆகவே பிபிசி ஃபோர் போனால், பிபிசி டூவில் குறித்த கிழமையில், குறித்த நேரத்தில் அதற்கு இடம் தர வேண்டும்.

மாதந்தோறும் என்று ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதை விளக்க ஓர் உதாரணத்தைச் சற்று விரிவாகத் தர விரும்புகிறேன்.

டார்வின் பயணம் செய்த கப்பலின் பெயரைத் தாங்கிய பீகிள் 2 என்ற சிறு இறங்குகலத்தை, திறந்த பல்கலைக்கழகத்தின் கொலின் பில்லிங்கர் தலைமையில் பிரித்தானிய அறிவியலாளர்கள் உருவாக்கினார்கள். 2003இல் ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் மார்ஸ் எக்ஸ்பிரஸ் அதைச் செவ்வாய்க்குச் சுமந்து சென்றது. அது தரையிறங்க வேண்டிய நாள் டிசம்பர் 25, நத்தார் தினம். தரையிறங்கியதும் அது அனுப்ப வேண்டிய அழைப்பிசையைப் புகழ்பெற்ற இசைக்குழுவான ப்ளர் அமைத்திருந்தது. படக்கருவியைச் சரிபார்ப்பதற்கான வண்ணப் புள்ளிகளை ஓவியர் டேமியன் ஹர்ஸ்ட் தீட்டிக் கொடுத்திருந்தார். நாடே காத்திருந்தது. இங்கிலாந்திலுள்ள ஜொட்ரல் பாங்கின் பெரும் வானொலித் தொலைநோக்கியும் காது கொடுத்துக் கேட்டது. எந்தச் சமிக்ஞையும் வரவில்லை. சில வாரங்களில் செய்தித்தாள்கள் அதைத் தோல்வி என்று எழுதி, சில இடங்களில் கேலியும் செய்து, பக்கத்தைப் புரட்டிவிட்டன. பில்லிங்கர் 2014 மே மாதத்தில் காலமானார். அதற்கு எட்டு மாதங்களின் பின்னர், 2015 ஜனவரியில், செவ்வாயைச் சுற்றிவரும் நாசா விண்கலத்தின் கூர்மையான படங்களில் இசிடிஸ் சமவெளியில் ஒரு சிறு ஒளிப்புள்ளியாக பீகிள் 2 அடையாளம் காணப்பட்டது. அது நொறுங்கிப் போயிருக்கவில்லை. வான்குடை விரிந்து, தரையில் சேதமின்றி இறங்கி, சூரியத் தகடுகளில் சிலவற்றை விரித்தும் இருந்தது. எல்லாத் தகடுகளும் விரியாததால் அவற்றின் அடியில் இருந்த அலைவாங்கி (அன்டெனா) வெளிப்படவில்லை, பேச முடியவில்லை. பதினொரு ஆண்டுகள் தோல்வி என்று சொல்லப்பட்டது, பெரும்பாலும் வெற்றி பெற்ற ஒரு தரையிறக்கம்.

சிறப்பு நிகழ்ச்சிகள் மட்டுமே உள்ள தொலைக்காட்சியில் இந்தக் கதை 2003 நத்தார் தினத்தோடு முடிந்திருக்கும். மாதந்தோறும் வரும் நிகழ்ச்சியால் மட்டுமே ஒரு கலத்தைத் தயாரிப்பு நாளிலிருந்து பின்தொடர்ந்து, அதன் மௌனத்துக்குப் பின்னரும் அதைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்க முடியும். அறிவியலில் ஒரு கேள்வி எப்போது முடியும் என்று முன்கூட்டியே நாள் குறிக்க இயலாது.

அண்மைய உதாரணம் வெள்ளிக்கோளின் பொஸ்பீன் வாயு. 2020 செப்டம்பர் 14 அன்று கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் ஜேன் கிரீவ்ஸ் தலைமையிலான குழு, வெள்ளியின் மேகங்களில் பொஸ்பீனுக்கான அடையாளத்தைக் கண்டதாக அறிவித்தது. பூமியில் அந்த வாயு உயிரினங்களோடு தொடர்புடையது என்பதால், வெள்ளியில் உயிரா என்ற கேள்வியோடு உலக ஊடகங்கள் கொந்தளித்தன. ‘தி ஸ்கை அட் நைட்’ குழு முன்கூட்டியே ஆய்வாளர்களோடு பேசி, அன்றிரவே நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. முந்திக்கொண்டதைப் பாராட்டலாம். அதைவிட முக்கியம் அதன் பின்னர் நடந்தது: சிலி நாட்டின் அல்மா தொலைநோக்கித் தரவுகளை மறுபடி செம்மைப்படுத்திப் பார்த்தபோது சமிக்ஞை முன்பு சொன்னதைவிட வலுவிழந்தது, வேறு ஆய்வாளர்கள் கேள்வி எழுப்பினார்கள், விவாதம் இன்றும் நீடிக்கிறது. முதல் அறிவிப்பைக் கேட்ட இலட்சக்கணக்கானோரில் எத்தனை பேர் அந்த மறுபரிசீலனையைக் கேட்டிருப்பார்கள்? திரும்பி வந்து, “நாம் அன்று சொன்னது இப்போது எங்கே நிற்கிறது” என்று சொல்வதற்கு அடுத்த மாதம் என்ற ஒன்று இருக்க வேண்டும்.

வானத்தின் காலக்கணக்கும் இதையே கேட்கிறது. சனியின் வளையங்கள் ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை நமக்கு விளிம்பைக் காட்டி, சிறிய தொலைநோக்கிகளில் மறைந்துவிடும். 1966, 1980, 1995, 2009, 2025 என்று இந்த நிகழ்ச்சியின் காலத்துக்குள் அது ஐந்து முறை நடந்திருக்கிறது. எப்சிலன் ஒரிகே என்ற விண்மீனை 27 ஆண்டுகளுக்கு ஒரு முறை ஏதோ ஓர் இருண்ட தட்டு மறைக்கிறது. ஒரு மறைப்பு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் நீடிக்கும். நிகழ்ச்சி தொடங்கியபோது அத்தகைய ஒரு மறைப்பு முடிந்துகொண்டிருந்தது; பின்னர் 1982 முதல் 1984 வரையிலும், 2009 முதல் 2011 வரையிலும் அது மீண்டும் நிகழ்ந்தது; அடுத்தது 2036இல். அதைக் கண்காணிக்க நாடு முழுவதும் சிதறிக் கிடக்கும் ஆர்வலர்கள் இரவிரவாகப் பிரகாசத்தை மதிப்பிட்டு எழுத வேண்டும். அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்து, அவர்களை ஒன்றுசேர்த்து, “இந்த மாதம் இதைப் பாருங்கள்” என்று ஞாபகமூட்ட ஒரு பொதுக்குரல் தேவை. செய்தி அறைகளில் அந்தப் பொறுமை இருக்க வழியில்லை. அது அவர்கள் குறையும் அன்று.

இனித் தொகுப்பாளர்களைப் பற்றி. ஒவ்வொரு முறையும் பிரபலமான முகம் ஒன்றை நடுவில் நிறுத்தினால் பார்வையாளர் எண்ணிக்கை கூடும் என்ற யோசனை எழுகிறது. இதை நான் முழுமனதாக எதிர்க்கிறேன். இப்போதுள்ளவர்களின் சேர்க்கை தற்செயலாக அமைந்ததாக எனக்குத் தோன்றவில்லை. கெடாமல் காக்கப்பட வேண்டிய சேர்க்கை அது.

ஒக்ஸ்போர்ட் பேராசிரியர் கிறிஸ் லின்டொட் மாணவப் பருவத்தை விட்டு வெளியேறும் முன்னரே மூரின் அருகில் அமர்ந்து இந்த நிகழ்ச்சியில் பேசத் தொடங்கியவர். 2004இல் மூர் வர இயலாத அந்த ஒரே மாதத்தில் நிகழ்ச்சியை நடத்தியவரும் அவரே. 2007இல் அவரும் நண்பர்களும் தொடங்கிய ‘கலக்ஸி சூ’ திட்டத்தில், ஏறக்குறைய 9 இலட்சம் விண்மீன் மண்டலங்களின் படங்களை, வானியல் படிக்காத பொதுமக்கள் வீட்டுக் கணினியில் பார்த்துச் சுருளா நீள்வட்டமா என்று பிரித்தார்கள். அப்படிப் பிரித்துக்கொண்டிருந்தபோது நெதர்லாந்தைச் சேர்ந்த ஆசிரியை ஹன்னி வான் ஆர்க்கல் ஒரு மண்டலத்தின் அருகில் விளங்காத ஒரு ஒளித் திட்டைக் கண்டு, இது என்ன என்று கேட்டார். மண்டலத்தின் மையத்தில் முன்பு கொழுந்துவிட்டு எரிந்து பின்னர் அடங்கிப்போன ஒரு குவாசரின் (பெரும் கருந்துளையைச் சுற்றி மிகப் பிரகாசமாக ஒளிரும் பகுதியின்) ஒளி, அருகிலுள்ள வாயுவை இன்னும் ஒளிரச் செய்துகொண்டிருக்கிறது என்ற விளக்கம் அந்தக் கேள்வியிலிருந்தே வந்தது. பார்வையாளரை வெறும் பார்வையாளராக விடாமல் ஆய்வில் பங்குபெறச் செய்பவர் ஒருவர் இந்த நிகழ்ச்சியின் நடுவே இருப்பது எவ்வளவு பெரிய பேறு.

மேகி அடெரின்–போகொக் வேறு வகை. நைஜீரியப் பெற்றோருக்கு இலண்டனில் பிறந்து, வாசிப்புக் குறைபாட்டோடு பல பாடசாலைகள் மாறிப் படித்து, தொலைநோக்கிகளில் பொருத்தி ஒளியை நிறங்களாகப் பிரித்தறியும் நிறமாலைமானிகளை வடிவமைக்கும் பொறியியலாளராக உயர்ந்தவர். சிலியிலுள்ள ஜெமினி தொலைநோக்கிக்கான கருவியில் பணியாற்றியவர். ஒரு கருவி ஏன் அவ்வளவு குளிரில் வைக்கப்பட வேண்டும், ஓர் ஆடியின் வளைவில் முடியளவு பிழை வந்தால் என்ன ஆகும் என்பதை அவர் விளக்கும்போது, அது கையால் செய்தவரின் பேச்சு என்பது உடனே தெரியும். 2014இல் அவர் இந்த நிகழ்ச்சிக்கு வந்தார். நம் பெண் பிள்ளைகள் அவரைப் பார்த்து வளர்வது எனக்கு மிகவும் முக்கியமாகப்படுகிறது. கணிதத்தில் நல்ல புள்ளி எடுத்தும் மருத்துவம் அல்லது கணக்கியல் என்ற இரண்டு சொற்களுக்குள் எதிர்காலத்தை அடக்கிவிடும் வீடுகள் நம்மிடையே இன்னும் பல உள்ளன.

மூன்றாமவர் பீட் லோரன்ஸ், ஆர்வலர் மரபில் வந்தவர். இந்த மாதம் எந்தத் திசையில், எத்தனை மணிக்கு, எது தெரியும் என்று அவர் சொல்லும் சில நிமிடங்களே, என் கருத்தில், நிகழ்ச்சியின் முதுகெலும்பு. நிகழ்ச்சியைப் புதுப்பிக்கிறோம் என்று சொல்பவர்கள் முதலில் கத்தரிக்க எண்ணுவதும் அந்தப் பகுதியைத்தான் என்று அஞ்சுகிறேன்.

நான் உதவி செய்யும் வாரவிடுமுறைத் தமிழ்ப் பாடசாலை ஒன்று வடமேற்கு இலண்டனில் இருக்கிறது. குளிர்காலத்தில் வகுப்பு முடியும்போதே இருட்டிவிடும். நிகழ்ச்சியில் சொல்லப்பட்டதைக் கேட்டு வந்த ஒரு மாணவி, வாகனத் தரிப்பிடத்தில் தந்தையின் பழைய இருகண் நோக்கியை மதிற்சுவரில் ஊன்றி, மூச்சை அடக்கிக்கொண்டு வியாழனைப் பார்த்தாள். கோளின் இரு பக்கமும் ஒரே கோட்டில் ஊசிமுனை போல மூன்று புள்ளிகள்: வியாழனின் நான்கு பெரிய நிலவுகளில் மூன்று. நான்காவது எங்கே என்று கேட்டாள். கோளின் முன்னாலோ பின்னாலோ இருக்கும், நாளைக்குப் பார் என்று சொன்னேன். அவளை அழைத்துப்போக வந்திருந்த தாயாரும், “மிஸ், எனக்கும் ஒருக்கா காட்டுங்கோ” என்று வரிசையில் நின்றார். வீதி விளக்குகள் இவ்வளவு எரியும் நகரத்திலும் நிலவும் கோள்களும் பிரகாசமான விண்மீன்களும் தப்பித்தான் நிற்கின்றன. எங்கே பார்ப்பது என்று சொல்ல ஒருவர் வேண்டும், அவ்வளவே.

2019 இறுதியில் ஓரியன் விண்மீன் கூட்டத்தின் தோளிலுள்ள பெட்டல்ஜியூஸ், நம் திருவாதிரை, மங்கத் தொடங்கி 2020 பெப்ரவரியில் வெறுங்கண்ணாலேயே வேறுபாடு தெரியும் அளவுக்கு ஒளி இழந்தது. வெடிக்கப் போகிறது என்று இணையம் முழுவதும் பேச்சு. விண்மீன் உமிழ்ந்த வாயு குளிர்ந்து தூசியாகி நம் பார்வைக் கோட்டில் நின்றது என்பதே பின்னர் நிறுவப்பட்ட விளக்கம். பரபரப்பின்றி அதை எடுத்துச் சொல்லும் குரல்களின் மதிப்பு அத்தகைய வாரங்களில்தான் தெரியும். யூடியூபில் இன்று சிறந்த வானியல் காணொளிகள் பல வருகின்றன என்பதை மறுக்க மாட்டேன். அவற்றை நானும் பார்க்கிறேன். ஆனால் “நாளை வெடிக்கும்” என்ற தலைப்புக்குப் பார்வைகள் குவியும் இடத்தில், நிதானமாகப் பேசுபவர் தன் பிழைப்பைப் பணயம் வைத்தே நிதானமாக இருக்க வேண்டியிருக்கிறது. உரிமக் கட்டணத்தில் இயங்கும் நிகழ்ச்சிக்கு அந்த நெருக்கடி இல்லை. பொதுப்பணத்தில் ஒளிபரப்பு நடத்துவதன் நியாயமே அதுதானே.

இப்போதைய தொகுப்பாளர்களும் என்றென்றும் இருக்கப் போவதில்லை. அடுத்தவர்கள் எவ்விதம் வர வேண்டும் என்பதற்கு லின்டொட் வந்த விதமே முன்மாதிரி: பல ஆண்டுகள் மூரோடு சேர்ந்து தோன்றி, பார்வையாளருக்குப் பழகி, அதன் பின்னரே பொறுப்பை ஏற்றார். மயாமியில் ஜாக் ஹோர்கைமர் 1976 முதல் நடத்திவந்த சில நிமிட விண்மீன் நிகழ்ச்சி, 2010இல் அவர் இறந்தபின் வேறு தொகுப்பாளர்களோடு தொடர்ந்தது. ஒருவரின் முகத்தோடு பிணைந்த நிகழ்ச்சியும் அவருக்குப் பின் வாழும் என்பதற்கு அதுவும் சான்று. ஆய்வில் ஈடுபட்டுள்ள இளம் வானியலாளர்களையும், உள்ளூர் வானியல் சங்கங்களில் தொலைநோக்கியோடு நிற்கும் ஆர்வலர்களையும் இப்போதே நிகழ்ச்சிக்குள் கொண்டுவந்து பழக்க வேண்டும். நன்றாகப் பேசுவதோடு, அறியாததை அறியேன் என்று ஒளிபரப்பில் சொல்லத் துணிபவராகவும் அவர்கள் இருக்க வேண்டும்.

வரும் ஆண்டுகளில் காட்டுவதற்கு ஒன்றும் குறைவில்லை. 2027 ஆகஸ்ட் 2 அன்று தெற்கு ஸ்பெயினிலிருந்து எகிப்து வழியாக ஒரு நீண்ட முழுச் சூரிய கிரகணம் செல்கிறது. லக்ஸர் அருகே அது ஆறு நிமிடங்களுக்கு மேல் நீடிக்கும். 2029 ஏப்ரல் 13 அன்று அபோஃபிஸ் என்ற குறுங்கோள் பூமியின் மேற்பரப்பிலிருந்து ஏறக்குறைய 32,000 கிலோமீற்றர் தொலைவில், மோதும் ஆபத்தின்றி, ஐரோப்பாவிலிருந்து வெறுங்கண்ணால் பார்க்கத்தக்கதாகக் கடந்துபோகும். 2031இல் ஐரோப்பாவின் ஜூஸ் விண்கலம் வியாழனை அடையும். ஸ்டீவனேஜ் நகரில் கட்டப்பட்ட ரோசலிண்ட் பிராங்க்ளின் ஊர்தி செவ்வாய்க்குப் போகக் காத்திருக்கிறது. பீகிள் 2இன் மௌனத்தை அறிந்தவர்கள் அந்தத் தரையிறக்கத்தை எப்படிப் பார்ப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

பிபிசி நிர்வாகத்திடம் நான் கேட்பது இவ்வளவே. 2027 ஏப்ரலுக்கு முன்னர், எழுபதாவது ஆண்டு விழா நிகழ்ச்சியை அறிவிக்கும்போதே, அதற்குப் பின்னரும் மாதந்தோறும் நிகழ்ச்சி தொடரும் என்பதையும் அது எந்த அலைவரிசையில், எந்த நேரத்தில் வரும் என்பதையும் பகிரங்கமாகச் சொல்ல வேண்டும். விழா எடுத்துவிட்டு மறு ஆண்டு மெல்லக் கைவிடுவது மிகவும் வருத்தத்துக்குரியதாக இருக்கும். தொடக்க காலத்து நிகழ்ச்சிகளில் பல, அன்றைய வழக்கப்படி பாதுகாக்கப்படாமல் அழிந்துபோயின. எஞ்சியிருப்பவை முழுவதையும் பாடசாலைகளும் பொதுமக்களும் எப்போதும் பார்க்கும்படி ஐபிளேயரில் திறந்து வைக்க வேண்டும்.

தங்கள் பத்திரிகையின் வாசகர்களில் இந்த நிகழ்ச்சியைப் பார்ப்பவர்கள், தங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கும் பிபிசியின் பார்வையாளர் சேவைப் பிரிவுக்கும் இரண்டு வரி எழுதினால் போதும். நீண்ட விளக்கம் தேவையில்லை: எந்த ஊரில் இருந்து பார்க்கிறீர்கள், வீட்டில் யாரோடு பார்க்கிறீர்கள், எந்த மாதத்து நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு வெளியே போய் எதைக் கண்டீர்கள் என்று சொல்லுங்கள். 2013இல் நிகழ்ச்சியைக் காத்ததில் அப்படி எழுதியவர்களுக்கும் ஒப்பமிட்டவர்களுக்கும் பங்கு உண்டு. பிள்ளைகள் தங்கள் கையால் எழுதினால் இன்னும் நல்லது. தமிழ்ப் பாடசாலைகளின் ஆசிரியர்கள் இதற்கு ஒரு வகுப்பு நேரத்தை ஒதுக்கித் தரலாம்.

இக்கடிதத்தை வெளியிட்டு உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகி, தமிழ்ப் பாடசாலை ஆசிரியை
வடமேற்கு இலண்டன்